மஞ்சள் வயலட்: பாதி விலைக்கு வாங்கலாமா?

பக்கத்து ஊர் நர்சரியில் மஞ்சள் வயலட் பூச்செடியைப் பாதி விலைக்குக் கொடுக்கிறார்களாம். "நீங்கதான் வருஷக்கணக்கா வச்சிருக்கீங்களே, வாங்கலாமா?" என்று இங்கே நியூ ஜெர்சியில் இருக்கும் தோழி கேட்டாள். ஜூலையில் கேட்கிறாள். ஏப்ரலில் கேட்டிருந்தால் பதில் வேறு.

ஏப்ரல் கடைசியில், மேப்பிள் தழைப்பதற்கு முன் தரையில் விழும் வெயிலில் இது பூக்கும். ஐந்து இதழ், அடர்ந்த மஞ்சள், கீழிதழில் பழுப்பும் ஊதாவும் கலந்த கோடுகள். சின்னச் சின்னத் தேனீக்கள் தேடி வரும். மரம் இலைவிட்டு நிழல் கட்டியதும் அந்த அழகு முடிந்தது.

அதன் பிறகுதான் எனக்கு ஆற்றாமை. கோடை முழுக்க இலையிடுக்கில் மொட்டு வைத்துக்கொண்டே இருக்கும், ஒன்றுகூட விரியாது. உள்ளுக்குள்ளேயே தன் மகரந்தத்தில் தானே கருவுற்று, காயாகி, மூன்றாகப் பிளந்து விதையைத் தெறித்துவிடும். செடியின் பக்கம் நியாயம் உண்டு. அடர்நிழலில் பூச்சி வருமென்று நம்பி இதழுக்குச் செலவழிக்க முடியாதுதான். தெரிந்தும், தண்ணீர் ஊற்றும்போதெல்லாம் கோபம் வருகிறது. விதையாவது எடுக்கலாமென்றால், காய் வெடிக்கிற நாளைத் தவறவிட்டால் போச்சு. விதையில் ஒட்டியிருக்கும் கொழுப்புத் துணுக்குக்காக எறும்பு இழுத்துப் போய்விடும். அகப்பட்டதை இலையுதிர் காலத்திலேயே வெளியில் விதைத்துவிட வேண்டும். குளிர்கால ஈரம் படாமல் முளைக்காது.

பூவில்லாத செடியை எப்படி நம்பி வாங்குவது? புல்தரையெங்கும் கிடக்கும் நீல வயலட்டுக்கு, அதுதான் நம் மாநிலப் பூ, நிமிர்ந்த தண்டே கிடையாது. இலையும் பூவும் தனித்தனிக் காம்பில் மண்ணிலிருந்தே கிளம்பும். வயலா புபெசன்ஸ் என்கிற இந்த மஞ்சளுக்குத் தண்டு உண்டு, இலை பெரும்பாலும் அதன் மேல்பகுதியில். தடவினால் பூனைமயிராக ரோமம். ரோமம் குறைந்த வகையும் இருப்பதால் அதை மட்டும் வைத்து முடிவுகட்டாதீர்கள். வெள்ளைப் பூ விடும் கனடா வயலட்டுக்கும் தண்டு உண்டு. இலைக்காம்பின் அடியில் உள்ள சிறு செதிலைப் பாருங்கள்: கனடாவுக்கு ஒல்லியாகக் கூராக இருக்கும், மஞ்சளுக்கு அகலம். வசந்தத்தில் ஓடைக்கரை முழுக்கப் பளபளவென்று எட்டுப் பத்து இதழோடு மஞ்சளாகப் பரவுவது லெஸ்ஸர் செலண்டைன். வந்தேறிக் களை, வீட்டுக்குக் கொண்டுவரவே கூடாது.

இவ்வளவு கோபத்திலும் நான் இதைப் பிடுங்காததற்குக் காரணம் கிரேட் ஸ்பேங்கிள்ட் ஃப்ரிட்டிலரி. அந்த ஆரஞ்சு வண்ணத்துப்பூச்சியின் புழுவுக்கு வயலட் இலைதான் சாப்பாடு. கோடைக் கடைசியில் இட்ட முட்டை பொரிந்ததும், புழு எதுவும் தின்னாமல் சருகுக்குள் குளிர்காலத்தைக் கழித்துவிட்டு, வசந்தத்தில் இலைக்கு வரும். சருகு ஊதும் மெஷினை மேப்பிள் அடியில் நான் விடுவதே இல்லை. வயலட்டை நட்டுவிட்டுச் சருகை மூட்டை கட்டி அனுப்புகிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு ஆறாது.

தோழிக்கு "வேண்டாம்" என்று எழுதிவிட்டேன். இது மர நிழலில் வளர்கிற செடி, அவள் வீட்டு முன்பக்கமோ முழு வெயில். தவிர, ஜூனிலும் மஞ்சளை எதிர்பார்த்து ஏமாந்துபோவாள். எங்கள் வீட்டு மேப்பிளுக்கு வடக்கே இன்னும் இடம் இருக்கிறது. சனிக்கிழமை போய் அந்தத் தொட்டிகளைப் பார்க்கிறேன். செதில் அகலமாக இருந்தால் எடுத்துக்கொள்வேன்.