ராஸ்பெர்ரி பையில் பழைய கேம் ஆட எதைப் போடுவது? ரெட்ரோபை, பட்டோசெரா, ரீகல்பாக்ஸ், லக்கா: ஓர் அலசல்

ராஸ்பெர்ரி பை என்ற கையடக்கக் கம்ப்யூட்டர் போர்டை டிவியில் மாட்டிப் பழைய வீடியோ கேம் ஆடலாம் என்று இறங்கினால் நான்கு பெயர்கள் முன்னால் வந்து நிற்கும்: ரெட்ரோபை, பட்டோசெரா, ரீகல்பாக்ஸ், லக்கா. நான்குமே பழைய கேம்களை ஓட்டும் இலவச மென்பொருள் தொகுப்புகள். எதைப் போட்டாலும் உள்ளே கேமை ஓட்டுவது பெரும்பாலும் ரெட்ரோஆர்ச் என்ற ஒரே மென்பொருள்தான். அதனால் எதில் மரியோ நன்றாக ஓடும் என்று மண்டையைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். 1990களில் நம் வீட்டு டிவியில் கேசட் செருகி ஆடிய மரியோ, கான்ட்ரா, டாங்கி கேம் எல்லாம் 2016இல் வந்த பை 3இலேயே தடங்கல் இல்லாமல் ஓடும், இந்த நான்கில் எது இருந்தாலும். நான் பார்க்கச் சொல்வது வேறு இரண்டு விஷயங்களை. அந்தப் பெட்டியை வீட்டில் யார் பராமரிக்கப் போகிறார்கள்? ஆடிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் என்ன ஆகும்?

ரெட்ரோபை இவற்றில் மூத்தது, 2012 முதல் இருக்கிறது. இது தனி இயங்குதளம் இல்லை. ராஸ்பெர்ரி பை ஓஎஸ் மேல் ஏறி உட்காரும் ஒரு தொகுப்பு. அதன் பலமும் அதுதான், பலவீனமும் அதுதான். அடியில் முழு லினக்ஸ் இருப்பதால் அதே பையில் பைத்தான் எழுதிப் பார்க்கலாம், வீட்டுக்கு ஒரு ஃபைல் சர்வர் வைக்கலாம், போர்டில் நீட்டிக்கொண்டிருக்கும் ஜிபிஐஓ பின்களில் பட்டன்களை இணைத்து மரப்பெட்டியில் ஆர்கேட் மெஷினே கட்டலாம். கேம் தொடங்கும்போது சாம்பல் நிறத்தில் ஒரு சின்னப் பெட்டி சில விநாடிகள் தெரியும். அந்த நேரத்தில் ஏதாவது ஒரு பட்டனை அழுத்தினால் மெனு திறக்கும். அந்த ஒரு கேமுக்கு மட்டும் வேறு எமுலேட்டரை, அதாவது பழைய கேம் மெஷினைப் போல நடந்துகொள்ளும் மென்பொருளை, தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். ரெட்ரோபையில் எனக்கு மிகவும் பிடித்தது இந்த வசதிதான். கேம் திறக்காமல் மெனுவுக்கே திரும்பி வந்துவிட்டால், காரணம் ரன்கமாண்ட் லாக் என்ற கோப்பில் வரிவரியாக இருக்கும். படிக்கத் தெரிந்தால் போதும், எதையும் சரிசெய்துவிடலாம்.

படிக்கப் பொறுமை இல்லாதவர்களுக்குத்தான் சிக்கல். ரெட்ரோபையின் 4.8 இமேஜ் (எஸ்டி கார்டில் அப்படியே எழுதிப் போடும் முழுத் தொகுப்பு) வந்தது 2022 மார்ச்சில். பை 5 வந்ததோ 2023 அக்டோபரில். அந்த இமேஜை எழுதி பை 5இல் போட்டால் கிளம்பாது. முதலில் ராஸ்பெர்ரி பை ஓஎஸ் லைட்டைப் போட்டு, அதன்மேல் ரெட்ரோபையின் செட்டப் ஸ்கிரிப்டை இறக்கி, கட்டளை வரியில் நிறுவ வேண்டும். கஷ்டமான வேலை இல்லை. ஆனால் லினக்ஸே பார்க்காத ஒருவருக்கு அந்த நீலத் திரை மெனுவில் எந்தப் பொதியைத் தேர்ந்தெடுப்பது என்பதே மலைப்பாக இருக்கும்.

பட்டோசெரா இதற்கு நேர் எதிர்த் திசையில் நிற்கிறது. ரீகல்பாக்ஸிலிருந்து பிரிந்து வந்த திட்டம் இது. பை 3, 4, 5 மட்டுமல்ல, வேறு பல போர்டுகளுக்கும் சாதாரண பிசிக்கும்கூட இமேஜ் தருகிறார்கள். இமேஜை இறக்கி, ராஸ்பெர்ரி பை இமேஜரில் எஸ்டி கார்டுக்கு எழுதி, போர்டில் செருகினால் வேலை முடிந்தது. பிரபலமான ஜாய்ஸ்டிக் என்றால் செருகியதுமே அடையாளம் கண்டுகொள்ளும். படம், கேம் விவரம், திரையோர அலங்காரம் எல்லாமே மெனுவிலேயே இருக்கின்றன. பிளேஸ்டேஷன் கேம் சரியாக ஓட பயாஸ் கோப்பு (அந்த மெஷினின் அடிப்படை மென்பொருள்) வேண்டும் அல்லவா? எந்தக் கோப்பு இல்லை, எது தவறான பதிப்பு என்பதை மெனுவில் ஒரு பட்டியலாகவே காட்டிவிடும். ரெட்ரோபையில் லாக் கோப்பைத் தோண்டி எடுக்க வேண்டிய தகவல் இது.

ஆனாலும் பட்டோசெராவை நான் முன்னால் வைப்பதற்கு முதல் காரணம் அதன் மெனுவின் அழகு அல்ல, கரண்ட். பை 3க்கும் பை 4க்கும் பவர் பட்டனே கிடையாது. வீட்டில் குழந்தைகள் ஆடி முடித்ததும் டிவியோடு சேர்த்து ஸ்விட்சையும் அணைத்துவிடுவார்கள். மழைக்காலத்தில் அந்த வேலையை மின்வாரியமே செய்துவிடும். ரெட்ரோபையில் இயங்குதளம் இருக்கும் பகுதியும் எழுதக்கூடியதாகவே திறந்து கிடக்கிறது. ஏதோ எழுதிக்கொண்டிருக்கும் நொடியில் கரண்ட் போனால் கார்டில் உள்ள கோப்பு அமைப்பு கெட்டு, அடுத்த முறை பூட் ஆகாமலே போகலாம். பட்டோசெராவில் இயங்குதளம் படிக்க மட்டுமே முடிகிற ஒரு சுருக்கிய கோப்பாக இருக்கிறது. கேம், சேவ், அமைப்புகள் எல்லாம் தனிப் பகுதியில். அந்தத் தனிப் பகுதி கெடவே கெடாது என்று சொல்ல மாட்டேன். ஆனால் பெட்டி கிளம்பாமல் போகும் வாய்ப்பு நன்றாகக் குறைகிறது. ரீகல்பாக்ஸும் லக்காவும்கூட இந்த வழியைத்தான் பின்பற்றுகின்றன.

எதை வைத்தாலும் ஒன்றைச் செய்துவிடுங்கள். பழைய கேம்களில் உள்ள சேவ் முதலில் நினைவகத்தில்தான் பதிவாகும்; கேமை விட்டு முறையாக வெளியே வரும்போதுதான் கார்டில் எழுதப்படும். ரெட்ரோஆர்ச் அமைப்புகளில் ‘சேவிங்’ பகுதிக்குப் போய்த் தானாகச் சேமிக்கும் இடைவெளியை 10 விநாடி என்று வைத்துவிட்டால், போக்கிமானில் மணிக்கணக்காக ஆடி சேவ் செய்தது ஒரு மின்வெட்டில் காணாமல் போகாது.

ரீகல்பாக்ஸ் பிரான்சிலிருந்து வரும் திட்டம். பட்டோசெராவுடன் ஒட்டிப் பிறந்தது மாதிரியே இருக்கும். உள்ளேயே கோடி (Kodi) என்ற வீடியோ பிளேயர் இருப்பதால் படமும் பார்க்கலாம். பிரவுசரில் திறக்கும் நிர்வாகப் பக்கம் வழியாக இன்னொரு கம்ப்யூட்டரிலிருந்தே அமைப்புகளை மாற்றலாம். முதல்முறை திறந்ததும் ஆடிப் பார்க்கச் சில இலவச கேம்களும் இருக்கும். பழைய குழாய் டிவிக்கென்று அவர்கள் ஒரு துணைப் போர்டும் விற்கிறார்கள். ஆனால் அது முக்கியமாக ஐரோப்பிய டிவிகளில் இருக்கும் ஸ்கார்ட் என்ற இணைப்புக்கானது. நம் ஊர் டிவிகளில் அது கிடையாது, மஞ்சள்-வெள்ளை-சிவப்பு ஏவி ஒயர்தான். நிர்வாகப் பக்கமும் கோடியும் முக்கியம் என்றால் இதை எடுங்கள். மற்றபடி பட்டோசெராவை விட்டு இங்கே வர எனக்குப் பெரிய காரணம் தெரியவில்லை.

லக்கா ரெட்ரோஆர்ச்சையே இயங்குதளமாக்கியது. லிப்ரெஎலெக் என்ற சிறிய லினக்ஸின் அடிப்படையில் கட்டியது, மிக இலகுவானது, மெனு பிளேஸ்டேஷன் 3இன் மெனுவைப் போல இருக்கும். ரெட்ரோஆர்ச்சை ஏற்கெனவே பழகியவர்களுக்கு இதைவிடச் சுத்தமானது இல்லை. புதியவர்களுக்குப் பரிந்துரைக்க மாட்டேன். கோப்புகளை ஸ்கேன் செய்யும்போது, தன் பட்டியலில் உள்ள செக்சம்மோடு (கோப்பின் அடையாள எண்) ஒத்துப்போகிற கேம்களை மட்டுமே எடுத்துக்கொள்ளும். மாற்றியமைத்த கேம் ஒன்றைப் போட்டால் ஃபோல்டரில் இருக்கும், பட்டியலில் இருக்காது. கைமுறை ஸ்கேன் ஒன்று இருக்கிறது என்பதைத் தெரிந்துகொள்வதற்குள் பலர் வெறுத்துப்போய்விடுகிறார்கள்.

அப்புறம் முஸ்தபா கேம். ஆர்கேட் கடைகளில் காசு போட்டு ஆடியவர்கள் பை வாங்கியதும் முதலில் தேடுவது இதைத்தான். கேப்காம் 1993இல் வெளியிட்ட காடிலாக்ஸ் அண்ட் டைனசோர்ஸ், அதில் வரும் முஸ்தபா பாத்திரத்தின் பெயராலேயே நமக்குத் தெரியும். கோப்பின் பெயர் ‘டினோ’ ஜிப். இது ஓடவில்லை என்றால் பெரும்பாலும் பழி இயங்குதளத்தின் மீது விழும். உண்மையில் சிக்கல் பதிப்புப் பொருத்தத்தில் இருக்கிறது. மேம் என்ற ஆர்கேட் எமுலேட்டரின் பழைய வடிவமான மேம் 2003, மேம் 0.78 பதிப்புக்கான கேம் தொகுப்பின் கோப்பைத்தான் எதிர்பார்க்கும். ஃபைனல்பர்ன் நியோ என்ற இன்னொரு எமுலேட்டர் இன்றைய தொகுப்பின் கோப்பைக் கேட்கும். புதிய மேம் என்றால் கியூசவுண்ட் என்ற இன்னொரு ஜிப்பும் பக்கத்தில் இருக்க வேண்டும். ரெட்ரோபையில் அந்தச் சாம்பல் பெட்டியிலும், பட்டோசெராவில் கேமின் மேல் நின்று, கேமைத் தொடங்கும் பட்டனையே அழுத்திப் பிடித்தால் வரும் மெனுவிலும் எமுலேட்டரை மாற்றிப் பார்க்கலாம். ஆர்கேட் கேம்களை மட்டும் ஆடப் போகிறவருக்கு இரண்டுமே சமம்தான்.

சில இலவச கேம்களைத் தவிர, கேம் கோப்புகள் எதிலும் கூடவே வராது. அவை காப்புரிமை உள்ளவை. ஆயிரக்கணக்கான கேம் ஏற்றியது என்று விற்கும் கார்டுகளை வாங்காதீர்கள். சட்டப்படி தவறு என்பது ஒரு பக்கம், மட்டமான கார்டில் ஏற்றித் தருவதும் நடக்கிறது.

சரி, முடிவு. வீட்டில் எல்லோரும் ஆடும் பெட்டி என்றால் பை 4, 2 ஜிபி, பட்டோசெரா. பிளேஸ்டேஷன் 1 வரை கவலையே இல்லை, பிஎஸ்பியில் பல கேம்கள் ஓடும், பிஎஸ் 2வை மறந்துவிடுங்கள். பையை வைத்து வேறு வேலையும் செய்ய ஆசை, கற்றுக்கொள்ள நேரமும் இருக்கிறது என்றால் ரெட்ரோபை. மனம் இரண்டுபட்டால் இரண்டு எஸ்டி கார்டில் இரண்டையும் போட்டு மாற்றி மாற்றி ஆடிப் பாருங்கள். பெரும்பாலான கேம் ஃபோல்டர்களின் பெயர் இரண்டிலும் ஒன்றுதான், அப்படியே நகலெடுக்கலாம். சேவ் கோப்புகளில் மட்டும் கவனம்: ரெட்ரோபை அவற்றை கேமுக்குப் பக்கத்திலேயே வைக்கும், பட்டோசெரா சேவ்ஸ் என்ற தனி ஃபோல்டரில் தேடும். கேமை நகலெடுக்கும்போது அவற்றையும் பிரித்து அங்கே போட்டுவிடுங்கள்.