டி-மார்ட்டில் மாதச் சாமான்: சில வருடப் பழக்கத்தில் பிடிபட்ட கணக்கு

எங்கள் வீட்டு மாதச் சாமான் சில வருடங்களாக டி-மார்ட்டில்தான். விலை குறைவு என்பது ஊருக்கே தெரியும். அது எப்படிக் குறைகிறது, அதற்குப் பதிலாக நாம் எதை விட்டுக்கொடுக்கிறோம் என்பது மட்டும் தொடர்ந்து போய்வந்த பிறகுதான் விளங்கும்.

எனக்கு முதலில் பிடித்தது, தேதி பார்த்துப் போக வேண்டியதில்லை என்பது. எண்ணெய், சோப்பு, துவைக்கிற பவுடர் எதுவானாலும் எம்ஆர்பிக்குக் கீழே ஒரு விலை அட்டையில் இருக்கும். முதல் தேதி போனாலும் இருபதாம் தேதி போனாலும் பெரிய வித்தியாசம் இருக்காது. அதற்கு முன் நாங்கள் போய்க்கொண்டிருந்த சூப்பர் மார்க்கெட்டில் (பெயர் வேண்டாம்) அட்டையில் ஒரு விலை, பில்லில் ஒரு விலை. கேட்டால் "ஆஃபர் நேத்தோட முடிஞ்சிடுச்சு சார்" என்பார்கள். அந்த வாக்குவாதம் ஒழிந்ததே பாதி லாபம்.

சரி, விலை எப்படிக் கட்டுப்படியாகிறது? பெரிய காரணம் வாடகை. மளிகை வியாபாரத்தில் லாபத்தைத் தின்பதே அதுதான். ராதாகிஷன் தமானி 2002இல் மும்பை பவாயில் முதல் கடையைத் திறந்த காலத்திலிருந்தே, முடிந்தவரை இடத்தைச் சொந்தமாக வாங்குவது, இல்லையென்றால் நீண்டகாலக் குத்தகைக்கு எடுப்பது என்றுதான் நிறுவனம் போகிறது. பங்குச் சந்தையில் பல வருடம் புழங்கிய மனிதர், பணத்தை நிலத்தில் போட்டுவிட்டுப் பொறுமையாக இருந்திருக்கிறார். பல கடைகள் மால்களுக்குள் இல்லாமல் ஊரைத் தாண்டித் தனிக் கட்டடத்தில் நிற்பதற்கும் இந்தக் கணக்குதான் காரணம். நமக்கு அதனால் பெட்ரோல் செலவு. ஆகவே ரெண்டு பாக்கெட் பிஸ்கட்டுக்காக அங்கே யாரும் போவதில்லை, பட்டியல் போட்டு மொத்தமாக வாங்கத்தான் போகிறோம். அது அவர்களுக்கும் தோதுதான்.

அடுத்தது, சரக்கு கொடுப்பவர்களுக்குப் பணம் போகிற வேகம். பெரிய கடைகள் வாரக்கணக்கில் இழுத்தடிப்பது இந்தத் தொழிலில் சகஜம். டி-மார்ட் சராசரியாக ஒரு வாரத்தை ஒட்டிக் கொடுத்துவிடுகிறது. சீக்கிரம் காசு வருகிறது என்றால் கம்பெனிக்காரன் விலையில் இறங்கி வருவான். அப்படிக் கிடைக்கிற தள்ளுபடியின் பெரும்பகுதியை நம் பில்லிலும் காட்டுகிறார்கள். சரக்கும் ஏறக்குறைய ஒரு மாதத்துக்குள் விற்றுத் தீர்கிறது.

தீர வேண்டுமென்றால் ஓடாத சரக்கை அடுக்கக் கூடாது. நாம் விட்டுக்கொடுப்பது இங்கேதான். ஒரே பொருளில் பத்து பிராண்டு பார்த்துத் தேர்ந்தெடுக்கிறவர்களுக்கு இந்தக் கடை ஒத்துவராது. நன்றாக ஓடுகிற மூன்று நான்கு இருக்கும், மற்றதை வேறு இடத்தில் தேடிக்கொள்ள வேண்டியதுதான். அலங்காரமும் கிடையாது. அட்டைப்பெட்டியோடு அடுக்கிய சரக்கைப் பார்த்து முகம் சுளிப்பவர்களும் உண்டு, எனக்கு உறுத்தவில்லை.

அப்புறம் அந்தத் துணி, பாத்திரம், பிளாஸ்டிக் டப்பா பகுதி. மளிகை வாங்கிய கையோடு ஒரு டி-ஷர்ட்டும் ரெண்டு டப்பாவும் வண்டியில் ஏறாத வீடு அபூர்வம். விற்பனையில் பாதிக்கு மேல் உணவுப் பொருட்கள். துணியும் வீட்டுச் சாமானும் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல். ஆனால் மளிகையைவிட லாபம் கூடுதலாக நிற்பது இந்தச் சின்னப் பங்கில்தான். 100 ரூபாய்க்கு விற்றால் எல்லாச் செலவும் வரியும் போக நிறுவனத்துக்கு நிற்பது 5 ரூபாய்க்குள். பருப்பை மட்டும் விற்று இந்த 5 ரூபாயைப் பார்த்திருக்க முடியாது. ஆகவே பட்டியலில் இல்லாததை வாங்காமல் வருகிற வீட்டுக்குத்தான் இந்தக் கடை உண்மையிலேயே மலிவு. எங்கள் வீடு அந்த ரகமா என்று கேட்காதீர்கள்.

தமிழ்நாட்டில் மலிவு விலைக் கடை என்றால் நாற்பதைத் தாண்டியவர்களுக்கு சுபிக்ஷா நினைவு வரும். 1997இல் சென்னையில் தொடங்கி, பத்துப் பன்னிரண்டு வருடங்களில் நாடு முழுக்க ஏறக்குறைய 1,600 கடைகள். அங்கேயும் அலங்காரம் இல்லை, விலையும் குறைவு. ஆனால் கடன் வாங்கி வேகமாகப் பரப்பிய வாடகைக் கடைகள். 2009 தொடக்கத்தில் கையில் காசு வற்றி, சம்பளமும் வாடகையும் சரக்கு பாக்கியும் தேங்கி, வரிசையாக ஷட்டர் இறங்கியது. டி-மார்ட் போன வேகத்தைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்: பங்குச் சந்தைக்கு வந்த 2017 மார்ச்சில், அதாவது 15 வருடம் கழித்து, 131 கடைகள். 2025 மார்ச்சில்தான் 415. விலைக் குறைப்பு இரண்டு பேருக்கும் பொதுதான். ஒருவர் கட்டடத்தைச் சொந்தமாக்க நேரம் எடுத்துக்கொண்டார், மற்றவர் எடுத்துக்கொள்ளவில்லை. என் பார்வையில் வித்தியாசம் அவ்வளவுதான், ஆனால் அது சின்ன வித்தியாசம் இல்லை.

இப்போது அந்த நிதானத்துக்கே சோதனை வந்திருக்கிறது. பத்து நிமிடத்தில் வீட்டு வாசலில் இறக்கும் பிளிங்கிட், செப்டோ, இன்ஸ்டாமார்ட் வகையறா. பெருநகரக் கடைகளில் ஆன்லைன் மளிகையின் பாதிப்பு தெரிகிறது என்று 2024 அக்டோபரில் நிறுவனமே ஒப்புக்கொண்டது, பங்கு விலையும் சரிந்தது. டி-மார்ட் ரெடி என்று அவர்களும் ஆன்லைனில் இருக்கிறார்கள். அதிலும் அதே நிதானம்தான்.

எங்கள் வீட்டில் இதன் விளைவு நேராகவே தெரிகிறது. அரிசி, எண்ணெய், சோப்பு, டாய்லெட் கிளீனர் எல்லாம் மாதம் ஒருமுறை டி-மார்ட்டில். சனி, ஞாயிறு மாலைக் கூட்டத்தைத் தவிர்த்து வாரநாள் காலையில் போவது உத்தமம். இடையில் தீர்ந்துபோகிறவற்றுக்குப் பையன் ஆப்பைத் திறக்கிறான், என் மனைவி தெருமுனை அண்ணாச்சி கடைக்குப் போகிறாள். "சில ஐட்டத்துக்கு ஏஜென்ட் கொடுக்கிற விலையைவிட அங்க கம்மிங்க, நானே போய் எடுத்துட்டு வரேன்" என்கிறார் அண்ணாச்சி. அவருக்குக் கடன் நோட்டு இருக்கிறது, டி-மார்ட்டுக்கு இல்லை. மாசக் கடைசியில் எங்களுக்கு அதுதான் வசதி.