பிரசவத்துக்குப் பின் மனச்சோர்வு: ஹார்மோன் வழி மருந்தா, வழக்கமான மாத்திரையா?

பிள்ளை பெற்று ஒரு மாதமாகியும் அழுகை நிற்கவில்லை, குழந்தையைத் தூக்கவே பயமாக இருக்கிறது என்று ஒரு பெண் சொன்னால், "பச்சை உடம்பு, போகப் போகச் சரியாகிவிடும்" என்பதுதான் வீட்டில் வரும் முதல் பதில். பிரசவமான சில நாட்களில் வரும் அழுகை பெரும்பாலும் இரண்டு வாரத்துக்குள் தானாக அடங்கிவிடும். அதைத் தாண்டியும் நீடித்தால் மருத்துவரிடம் போக வேண்டும்.

கர்ப்பத்தில் பல மடங்கு ஏறும் புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன், நஞ்சுக்கொடி வெளியே வந்ததும் சில நாட்களில் மளமளவென இறங்குகிறது. அதிலிருந்து உடம்பு தயாரிக்கும் அலோபிரெக்னனோலோனும் கூடவே குறைகிறது. மூளையைச் சாந்தப்படுத்தும் காபா ஏற்பிகளுக்குத் துணை நிற்பது அதுதான். இந்தச் சரிவு எல்லாத் தாய்மாருக்கும் உண்டு. ஆனால் எல்லாருக்கும் நோய் வருவதில்லை. 2000-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், கர்ப்பமில்லாத பெண்களுக்கு ஈஸ்ட்ரோஜென், புரோஜெஸ்டிரோன் ஹார்மோன்களைக் கொடுத்துப் பின் நிறுத்திப் பார்த்தார்கள். முன்பு பிரசவ மனச்சோர்வு வந்திருந்த 8 பேரில் 5 பேருக்கு மனநிலை சரிந்தது. வராதிருந்த 8 பேரில் ஒருவருக்கும் சரியவில்லை. சிறிய ஆய்வுதான். ஆனாலும் "மனசைத் திடமா வச்சுக்கோ" என்று அந்தப் பெண்ணையே குறை சொல்பவர்கள் இதை அறிய வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

அலோபிரெக்னனோலோனையே மருந்தாக்கியது பிரெக்சனோலோன். 2019-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. 60 மணி நேரம் டிரிப்ஸ் ஏற்ற வேண்டும். மயக்கம் வரலாம் என்பதால் கண்காணிப்பும் தேவை. மருந்து விலை மட்டும் சுமார் 34,000 டாலர். 2024 முடிவில் விற்பனையை நிறுத்திவிட்டார்கள். அடுத்து, 2023-இல் அதே வழியில் வேலை செய்யும் சுரனோலோன் மாத்திரை வந்தது. தினமும் மாலையில், கொழுப்புள்ள உணவோடு, 14 நாள் மட்டும். ஆய்வில் மூன்றாம் நாளே வித்தியாசம் தெரிந்தது. வழக்கமான மனச்சோர்வு மாத்திரைகளுக்கு இல்லாத வேகம் இது. ஆனால் எண்களைக் கவனியுங்கள்: 15-ஆம் நாள் சோர்வு மதிப்பெண் மருந்து எடுத்தவர்களுக்கு 15.6 குறைந்தது, வெற்று மாத்திரை எடுத்தவர்களுக்கும் 11.6 குறைந்தது. பின்தொடர்ந்தது 45 நாள்தான். தூக்கக் கலக்கம் வருவதால் மாத்திரை போட்ட 12 மணி நேரத்துக்கு வண்டி ஓட்டக் கூடாது. 2023-இல் அறிவித்த விலை சுமார் 15,900 டாலர்.

வழக்கமான மனச்சோர்வு மாத்திரையான செர்ட்ராலின் இதற்கு நேர் எதிர். பலன் தெரிய இரண்டு முதல் நான்கு வாரம், சிலருக்கு அதற்கும் மேல் ஆகும். குணமான பிறகும் பல மாதம் தொடர வேண்டும். ஆனால் நம் ஊர் மருந்துக்கடையில் குறைந்த விலையில் கிடைக்கிறது, தாய்ப்பாலில் மிகக் குறைவாகவே கலக்கிறது, பல வருட அனுபவம் இருக்கிறது. தோலில் ஒட்டும் ஈஸ்ட்ரோஜென் பட்டைக்கும் சில சிறிய ஆய்வுகள் உண்டு. இரத்தம் உறையும் ஆபத்து இருப்பதால் அதை நான் இந்த வரிசையில் சேர்க்க மாட்டேன்.

மருந்துகளுக்கு இன்னொரு போட்டி, பேச்சு வழிச் சிகிச்சை. பாகிஸ்தானின் கிராமங்களில் பெண் சுகாதாரப் பணியாளர்களுக்குப் பயிற்சி கொடுத்து, மனச்சோர்வில் இருந்த கர்ப்பிணிகளின் வீட்டுக்குப் போய்ப் பேச வைத்தார்கள். 2008-இல் வெளியான முடிவு: குழந்தைக்கு ஆறு மாதமானபோது இவர்களில் இன்னும் சோர்வில் இருந்தவர்கள் 23 சதவீதம், வழக்கமான வீட்டுச் சந்திப்பு மட்டும் பெற்றவர்களில் 53 சதவீதம். ஹார்மோனில் தொடங்கும் நோய்க்கு ஹார்மோன் வழியில்தான் மருந்து என்ற கட்டாயம் இல்லை என்பதை இதைவிடத் தெளிவாக வேறெதுவும் எனக்குக் காட்டவில்லை.

ஆகவே என் தேர்வு: பேச்சும், மருத்துவர் சொன்னால் செர்ட்ராலினும். அதற்கு முன் ஒரு தைராய்டு பரிசோதனை. பிரசவத்துக்குப் பின் தைராய்டு குறைந்தாலும் இதே சோர்வு வரும், அதற்குச் சிகிச்சை வேறு. யாரிடம் தொடங்குவது என்று தெரியாவிட்டால் 14416, டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், இலவசம், தமிழிலும் பேசலாம். காதில் குரல் கேட்கிறது என்றாலோ, தன்னையோ குழந்தையையோ ஏதாவது செய்துவிடுவேனோ என்று அவள் சொன்னாலோ, அன்றே மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள்.