கேபிளுக்குச் சட்டம், ஆன்டெனாவுக்கு அறிவிப்பு

அனலாக் டிவியை மதுரை வட்டாரம் இரண்டு விதமாக இழந்தது.

கேபிளுக்கு 2011இல் நாடாளுமன்றமே கேபிள் டிவி ஒழுங்குமுறைச் சட்டத்தைத் திருத்தியது. பிரிவு 4ஏ-யின் கீழ், கேபிள் டிஜிட்டலுக்கு மாற அரசு தேதி குறிக்கலாம். ஆனால் அறிவிப்புக்கும் தேதிக்கும் இடையே குறைந்தது 6 மாதம் இருக்க வேண்டும். கிராமங்களுக்கான கடைசிக் கெடு 2017 மார்ச் 31. கெடுக்கள் ஒத்திப்போனது உண்மைதான். ஆனாலும் ஆபரேட்டருக்குப் பொறுப்பு இருந்தது, செட்-டாப் பாக்ஸ் வீடு தேடி வந்தது. கேபிளில் கட்டாயம் காட்ட வேண்டும் என்று பிரிவு 8 தூர்தர்ஷன் சேனல்களையும் காப்பாற்றியது.

கொடைக்கானல் தூர்தர்ஷன் கோபுரத்தின் பக்கம் திருப்பிய ஆன்டெனாவுக்கு இதெல்லாம் இல்லை. தரைவழி அனலாக்கைத் தூர்தர்ஷனை நடத்தும் பிரசார் பாரதி தன் முடிவாகவே படிப்படியாக நிறுத்தியது. மாற்றாக 2016இல் டிவிபி-டி2 என்ற தரைவழி டிஜிட்டல் ஒளிபரப்பு வந்த 16 நகரங்களில் சென்னை உண்டு, மதுரை இல்லை. மேலூர்க்காரர் தன் செலவில் மாதச் சந்தா இல்லாத தூர்தர்ஷன் செயற்கைக்கோள் சேவையான டிடி ஃப்ரீ டிஷ்தான் மாட்ட வேண்டும்.

மாட்டுவோருக்கு: செயற்கைக்கோள் ஜிசாட்-15, கிழக்குத் தீர்க்கரேகை 93.5 பாகை. மதுரையிலிருந்து திசைகாட்டியில் சுமார் 122 பாகை, அதாவது தென்கிழக்குக்குச் சற்றுக் கிழக்கே. அடிவானத்திலிருந்து உயரக் கோணம் 68 பாகைக்கு மேல். சிக்னல் வாங்கும் முனை நடுவில் இல்லாமல் கீழே தள்ளி இருக்கும் ஆஃப்செட் டிஷ் என்பதால் தட்டு அவ்வளவு அண்ணாந்து தெரியாது. கண்ணளவில் வைத்தால் சிக்னல் கிடைக்காது. கம்பம் தூக்குக்குண்டு நேராக நிற்காவிட்டால் அளவுகோல் எண்ணும் பொய். அந்தத் திசையில் தென்னை வேண்டாம். டிஷ்ஷின் முன்னே சிக்னலை வாங்கும் எல்என்பி-யில் கேபிள் சேரும் முனையில் தண்ணீர் இறங்கினால் முதல் மழைக்கே படம் உடையும்.

ஒத்திவைப்புகளோடு சேர்த்துப் பார்த்தாலும் சட்ட வழியே மேல்: கேள்வி கேட்க ஒரு பிரிவு எண்ணாவது இருக்கிறது.