லேண்ட்ஸ்கேப் இன்டர்ன்ஷிப்புக்கு விண்ணப்பிக்கிறவர்கள் சேர்வதற்கு முன் படிக்கவும்

தோட்டம், பூங்கா போன்ற வெளியிடங்களை வடிவமைக்கும் லேண்ட்ஸ்கேப் ஆர்க்கிடெக்சர் படிக்கும் மாணவி நான். இந்தக் கோடை விடுமுறையில் எட்டு வாரம் ஒரு நிறுவனத்தில் இன்டர்ன்ஷிப் செய்தேன். நான் ஏமாந்திருக்கிறேன் என்று ஒத்துக்கொள்ளவே எனக்குக் கொஞ்ச நாள் ஆனது. அடுத்த விடுமுறைக்கு இப்போதே விண்ணப்பம் அனுப்பத் தொடங்கியிருக்கும் ஜூனியர்கள் யாரும் இப்படி மாட்டக்கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

சேர்வதற்கு முன் போனில் நிறையச் சொன்னார்கள். வாரம் இரண்டு நாள் சைட்டுக்குப் போகலாம், நர்சரியில் மரம் தேர்ந்தெடுப்பதைக் கூட இருந்து பார்க்கலாம், ஒரு சின்னத் தோட்டத்தை முதல் கோட்டிலிருந்து நானே கையாளலாம், மாதக் கடைசியில் ஸ்டைபெண்ட், அதாவது பயிற்சிக்கால உதவித்தொகை. ஆனால் மின்னஞ்சலில் வந்தது ஒரே ஒரு வரி, எந்தத் தேதியில் வர வேண்டும் என்று. மீதியை எழுத்தில் கேட்டிருக்க வேண்டும். கேட்டால் வாய்ப்பு போய்விடுமோ என்று பயந்தேன்.

அதற்கும் முன்னால் ஒரு தேர்வு வைத்தார்கள். ஒரு முற்றத்தின் அளவுகளை அனுப்பி, மூன்று நாளில் செடிகளின் பட்டியலோடு பிளான்டிங் பிளான் (எந்தச் செடி எங்கே என்று காட்டும் வரைபடம்) வரைந்து அனுப்பச் சொன்னார்கள். ராத்திரி பகலாக உட்கார்ந்து முடித்தேன். சேர்ந்த இரண்டாவது வாரம், சர்வரில் வேறு எதையோ தேடும்போது அந்த முற்றம் கண்ணில் பட்டது. நான் போட்ட அதே செடிகள், அதே இடைவெளி, மேலே அவர்களுடைய டைட்டில் பிளாக் (வரைபடத்தில் நிறுவனத்தின் பெயர், வரைந்தவர் பெயர் போன்றவை இருக்கும் கட்டம்). வாடிக்கையாளருக்கு அனுப்பியே விட்டிருந்தார்கள். கற்பனையான ஒரு இடத்தைக் கொடுத்துத் திறமையைப் பார்ப்பது வேறு, நடந்துகொண்டிருக்கும் வேலையை மாணவர்களிடம் இலவசமாக வாங்கிக்கொள்வது வேறு. கொடுக்கும் இடத்துக்கு உண்மையான லெவல்கள் (தரையின் ஏற்ற இறக்க அளவுகள்), வடிகால் குறிப்பு, கட்டடத்தின் வாசல் அளவு எல்லாம் துல்லியமாக இருந்தால், அது யாருடைய சைட் என்று நேராகவே கேளுங்கள்.

எட்டு வாரத்தில் சைட்டுக்குப் போனது ஒரே ஒரு நாள், மரக் கணக்கெடுப்புக்கு. தரையிலிருந்து 1.3 மீட்டர் உயரத்தில் டேப்பைச் சுற்றி அடிமரத்தின் சுற்றளவு எடுத்து, அதை 3.14ஆல் வகுத்தால் விட்டம் வரும். படித்ததைக் கையால் செய்த அந்த ஒரு நாள் எனக்கு உண்மையிலேயே பிடித்திருந்தது. ஆனால் பக்கத்தில் நின்று சொல்லித்தர யாரும் வரவில்லை. நானே அளந்து, நானே மரங்களை அடையாளம் கண்டு எழுதிய அறிக்கை இன்னொருவர் பெயரில் போனது. மற்ற நாளெல்லாம் போட்டோஷாப்பில் மரப் படங்களை வெட்டி ரெண்டரில் (கட்டி முடித்தால் இடம் எப்படி இருக்கும் என்று காட்டும் படத்தில்) ஒட்டும் வேலைதான். அதுவும் என் சொந்த லேப்டாப்பில்.

இங்கே ஒரு முக்கியமான விஷயம். அலுவலகத்தில் எனக்கென்று ஆட்டோகேட் (கணினியில் வரைபடம் வரையும் மென்பொருள்) உரிமம் கிடையாது. என் மாணவர் கணக்கிலேயே வரையச் சொன்னார்கள். மாணவர்களுக்கு இலவசமாகத் தரும் அந்த உரிமம் படிப்புக்கு மட்டும்தான், வணிக வேலைக்குப் பயன்படுத்தக் கூடாது. பிரச்சினை வந்தால் கணக்கு என் பெயரில் இருக்கிறது, அவர்கள் பெயரில் இல்லை. இது எனக்கு ஐந்தாவது வாரத்தில்தான் உறைத்தது.

எல்லாவற்றையும்விட வலித்தது ஆறாவது வாரம் நடந்தது. ஒரு அடித்தள வாகன நிறுத்தத்தின் மேல்தளத்தில் தோட்டம். கொடுத்த குறுக்குவெட்டு வரைபடத்தில் மண் ஆழம் 45 சென்டிமீட்டர் என்று இருந்தது. அதில் வரிசையாகப் பெரிய நிழல் மரங்களை வைக்கச் சொன்னார்கள். சின்னப் புதர்களுக்கு அந்த ஆழம் போதும். பெரிய மரத்துக்கு ஒரு மீட்டராவது வேண்டும், இல்லாவிட்டால் வேர் பிடிக்காமல் காற்றில் சாயும். மண்ணைக் கூட்டினால் ஈர மண்ணின் எடையைத் தளம் தாங்குமா என்று ஸ்ட்ரக்சுரல் பொறியாளரிடம் கேட்க வேண்டும். இதைப் போய்ச் சொன்னேன். “அதெல்லாம் உனக்கு எதுக்கும்மா, சொன்னதை மட்டும் வரை” என்றார் மூத்தவர். வரைந்தேன். இரண்டு வாரம் கழித்து அதே காரணத்துக்காக வரைபடம் திரும்பி வந்தது. எனக்குத் தெரியாமலே டைட்டில் பிளாக்கில் ‘வரைந்தவர்’ கட்டத்தில் என் பெயரின் முதலெழுத்துகளைப் போட்டிருந்தார்கள். கூட்டத்தில், “இன்டர்ன் செய்த தவறு” என்று சொன்னதை நான் அந்த அறையிலேயே உட்கார்ந்து கேட்டேன். முற்றத்துக்கும் மரக் கணக்கெடுப்புக்கும் வராத என் பெயர் இதற்கு மட்டும் வந்தது.

நான் எச்சரித்ததை ஒரு மின்னஞ்சலாக அனுப்பியிருந்தால் அன்றைக்கு எடுத்துக் காட்டியிருப்பேன். வாயால் சொன்னதோடு விட்டுவிட்டேன். நீங்கள் விடாதீர்கள். வரைபடத்தில் எது தவறாகத் தெரிந்தாலும், சொன்ன அன்றே இரண்டு வரி எழுதி அனுப்பிவிடுங்கள்.

கடைசி நாள், எந்த வரைபடத்தையும் என் போர்ட்ஃபோலியோவில் (வேலை தேடும்போது காட்டும் படைப்புத் தொகுப்பில்) வைக்க மாட்டேன் என்று ஒரு தாளை நீட்டி, கையெழுத்துப் போட்டால்தான் சான்றிதழ் என்றார்கள். கல்லூரியில் மதிப்பெண்ணுக்குச் சான்றிதழ் தேவை, அதனால் போட்டேன். ஸ்டைபெண்ட் இன்னும் வரவில்லை. மூன்று முறை நினைவூட்டிவிட்டேன், பதில் இல்லை. கல்லூரியில் எங்கள் ஒருங்கிணைப்பாளரிடம் எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுத்திருக்கிறேன்.

அப்புறம் ஒன்று. புகார் கொடுத்த பிறகுதான், போன வருடம் அங்கே போன சீனியர் ஒருவரிடம் பேசினேன். அவருக்கும் அதே மாதிரி ஒரு முற்றம், அதே மூன்று நாள் கெடு. சேர்வதற்கு முன் அவரிடம் பேசியிருந்தால் பத்து நிமிடத்தில் எனக்கு எல்லாம் தெரிந்திருக்கும். நீங்கள் எங்கே விண்ணப்பித்தாலும், அங்கே ஏற்கெனவே இருந்த மாணவர் ஒருவரையாவது தேடிப் பிடித்துப் பேசுங்கள். சைட்டுக்கு எத்தனை நாள் போனார், யார் சொல்லித்தந்தார், போர்ட்ஃபோலியோவில் என்ன வைக்க விட்டார்கள் என்று கேளுங்கள். அந்த நிறுவனத்தின் பெயரை இங்கே போடவில்லை. எங்கள் துறை மாணவர்கள் யாராவது விண்ணப்பிக்கும் முன் என்னிடம் கேட்டால், நேரில் சொல்கிறேன்.