‘தகவல்’ என்ற ஒரு சொல்லுக்காகப் பத்து வாரங்கள்: ஓர் இணையவழிப் படிப்பின் மதிப்புரை

‘தகவல்’ என்ற சொல்லை இயற்பியலாளரும் உயிரியலாளரும் நூலகரும் பொருளியலாளரும் அன்றாடம் புழங்குகிறார்கள். அனைவரும் ஒன்றையேதான் சுட்டுகிறார்களா என்ற கேள்வியை மையமாக வைத்து நடத்தப்படும் பத்து வார இணையவழிப் படிப்பு ஒன்றை அண்மையில் முடித்தேன். நூல்களையும் ஆவணங்களையும் வகைப்படுத்தும் பணியில் பல ஆண்டுகளாக இருப்பதால், நாள்தோறும் என் கையில் புரளும் இந்தப் பொருளுக்கு அடித்தளம் எங்கே இருக்கிறது என்று அறிந்துகொள்ளவே சேர்ந்தேன்.

முதல் வாரமே மெய்யியலாளர் ரஃபேல் கபுரோ முன்வைத்த முச்சிக்கலோடு தொடங்குகிறது. எல்லாத் துறைகளிலும் ‘தகவல்’ ஒரே பொருளைத் தருகிறது என்று கொண்டால், துறைகளுக்கிடையிலான உண்மையான வேறுபாடுகள் அழிந்துபோகும். ஒன்றையொன்று ஒத்த பொருள்கள் என்று கொண்டால், அவற்றுள் எது மூலம், எது அதைப் பார்த்துப் பிறந்தது என்று சொல்லியாக வேண்டும். தொடர்பே இல்லாத பொருள்கள் என்று கொண்டால், தகவல் அறிவியல் என்று ஒரு பொதுத் துறையைப் பேசவே இடமில்லை. வரையறையை முதலில் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொல்லாமல், இந்தச் சிக்கலை மாணவரின் கையில் கொடுத்துவிட்டுப் பாடத்தைத் தொடங்கிய துணிவை மனமாரப் பாராட்டுகிறேன்.

இரண்டாவது, மூன்றாவது வாரங்கள் தகவல் கோட்பாட்டை உருவாக்கிய கணிதவியலாளர் கிளாட் ஷானனுக்கு உரியவை. படிப்பின் உயிர்ப்பகுதியும் இவைதான். தகவலை அளப்பது பற்றி 1928-இல் ரால்ஃப் ஹார்ட்லி செய்த பணியிலிருந்து 1948-இல் வெளியான ஷானனின் கட்டுரைவரை பாடம் நிதானமாக நடக்கிறது. இரு பக்கமும் சமவாய்ப்புள்ள நாணயத்தைச் சுண்டினால் கிடைப்பது ஒரு பிட், அதாவது ஆம், இல்லை என்ற ஒரு கேள்விக்கான விடையின் அளவு. பத்தில் ஒன்பது முறை தலையே விழும் நாணயத்தைச் சுண்டினால் கிடைப்பது சராசரியாக 0.47 பிட் மட்டுமே. எதிர்பார்த்தது நடக்கும்போது நாம் புதிதாக அறிவது குறைவு என்பதை இந்தக் கணக்கு விரல்விட்டுக் காட்டிவிடுகிறது.

அதன்பின் வரும் பயிற்சியை இன்னும் மறக்க முடியவில்லை. நமக்குப் பிடித்த ஒரு நீண்ட உரையை எடுத்துக்கொண்டு, எந்த எழுத்து எத்தனை முறை வருகிறது என்று எண்ணி, அந்த எண்ணிக்கையிலிருந்து என்ட்ரோப்பியை, அதாவது ஓர் எழுத்துக்குச் சராசரியாக எத்தனை பிட் என்பதை, கணக்கிட வேண்டும். பிறகு அதே எழுத்துகளைத் தாறுமாறாகக் கலைத்துவிட்டு மீண்டும் கணக்கிட வேண்டும். ஒரு வரிகூடப் படிக்க முடியாத அந்தக் குவியலுக்கும் முன்பு வந்த அதே எண்தான் வந்தது. அடுத்து இரண்டு கோப்புகளையும் சுருக்கும் மென்பொருளில் இட்டபோது, மூல உரை நன்றாகச் சுருங்கியது. கலைத்த உரை அந்த அளவுக்குச் சுருங்க மறுத்தது. எழுத்துகள் ஒன்றையடுத்து ஒன்று வரும் ஒழுங்கைத் தனி எழுத்துகளின் எண்ணிக்கை காணாது, சுருக்கும் நிரல் கண்டுகொள்ளும் என்பதே காரணம். ஒரு வரிசையை உருவாக்கவல்ல மிகக் குறுகிய நிரலின் நீளமே அதன் சிக்கலளவு என்று 1965-இல் கணிதவியலாளர் கோல்மோகொரோவ் சொன்னதைப் பாடம் இந்த இடத்தில்தான் கொண்டுவருகிறது. அதைவிடப் பொருத்தமான இடம் வேறில்லை. தொடர்பாடலின் பொருள் சார்ந்த கூறுகளுக்கும் பொறியியல் சிக்கலுக்கும் தொடர்பில்லை என்று ஷானன் தம் கட்டுரையின் தொடக்கத்திலேயே எழுதியது ஏன் என்பதும் அந்தக் கலைந்த பக்கத்தைப் பார்த்த பிறகுதான் எனக்கு முழுமையாக விளங்கியது.

இயற்பியலுக்கு ஒரு வாரம் போதுமானதாகவே இருந்தது. மூலக்கூறுகளை வேகம் பார்த்துப் பிரிப்பதாக மாக்ஸ்வெல் கற்பனை செய்த பூதத்தில் தொடங்கி, அதைப் பற்றி 1929-இல் சிலார்ட் எழுதிய கட்டுரை வழியாக, ஒரு பிட்டை அழிப்பதற்கு ஒரு குறைந்தபட்ச ஆற்றல் வெப்பமாக வெளியேறியே தீரும் என்று 1961-இல் ரோல்ஃப் லாண்டவர் நிறுவிய இடத்தில் பாடம் நிற்கிறது. அறை வெப்பநிலையில் அந்த அளவு சுமார் 2.9 × 10⁻²¹ ஜூல். மிகச் சிறியதுதான் என்றாலும் அது சுழியம் இல்லை என்பதைப் பாடம் அழுத்திச் சொல்கிறது.

உயிரியல் வாரத்தில்தான் எனக்கு வருத்தம் ஏற்பட்டது. மரபுக் குறியீட்டை விளக்கிய பகுதி நன்றாகவே இருக்கிறது: டி.என்.ஏ.வின் நான்கு எழுத்துகளில் மும்மூன்றாகச் சேர்த்தால் 64 குறிச்சொற்கள் கிடைக்கும், அவை 20 அமினோ அமிலங்களையும் நிறுத்தக் குறியையும் சுட்டுகின்றன, அவற்றுள் லியூசினுக்கு ஆறு குறிச்சொற்கள் இருக்கின்றன என்று மிகைமையை, அதாவது ஒரே அமிலத்தைப் பல குறிச்சொற்கள் சுட்டுவதை, தெளிவாகக் காட்டுகிறார்கள். ஆனால் அடுத்த படத்தில், மனித மரபணுத் தொகுதியின் சுமார் 300 கோடி எழுத்து இணைகளை, இணைக்கு இரண்டு பிட் என்று இரண்டால் பெருக்கி, 600 கோடி பிட் என்று எழுதி, ஒரு மனிதனை உருவாக்குவதற்கான அறிவுறுத்தலின் அளவு இது என்று முடித்துவிடுகிறார்கள். அந்த 300 கோடி எழுத்துகளையும் கலைத்துப் போட்டாலும் இந்தக் கணக்கில் அதே 600 கோடி பிட்தான் வரும்; உயிர் வராது. மூன்றாவது வாரத்தில் அத்தனை கவனமாகக் கற்பித்ததை ஆறாவது வாரத்தில் தாங்களே கைவிட்டது எனக்கு ஏற்புடையதாக இல்லை. கொள்ளளவுக்கும் பொருளுக்கும் நடுவே உள்ள கோட்டைச் சத்தமில்லாமல் தாண்டும்போதுதான் இத்துறை தடுமாறுகிறது. தகவல் கோட்பாட்டைத் தத்தம் துறைகளுக்குள் அவசரமாக இழுத்துக்கொண்டு போவோரை ஷானனே 1956-இல் எச்சரித்திருக்கிறார். அந்த எச்சரிக்கை இந்த வாரத்தில் கட்டாயம் இடம்பெற்றிருக்க வேண்டும். இதைப் பாடக்குழுவுக்கு விரிவாக எழுதினேன். படிப்பு முடியும்வரை பதில் வரவில்லை.

ஏழாவது, எட்டாவது வாரங்கள் நூலக, ஆவணவியல் மரபுக்கு உரியவை. என் துறை என்பதற்காக இதைச் சொல்லவில்லை: இவ்வளவு நேர்த்தியாக இந்த மரபை விளக்கியவர்களை நான் வேறெங்கும் கேட்டதில்லை. காட்டில் ஓடும் மான் ஆவணம் ஆகாது, அதையே பிடித்து விலங்குக் காட்சிசாலையில் வைத்து ஆய்வுக்கு உட்படுத்தினால் ஆவணம் ஆகிவிடும் என்று 1951-இல் ஆவணவியலாளர் சூசான் பிரியே சொன்னதிலிருந்து தொடங்குகிறார்கள். தகவல் என்பதைச் செயலாகவும் அறிவாகவும் பொருளாகவும் மைக்கேல் பக்லண்ட் 1991-இல் பிரித்தது அதன் தொடர்ச்சியாக வருகிறது. ஒரு நூலின் கருத்தை ஆளுமை, பொருள், ஆற்றல், இடம், காலம் என்ற ஐந்து முகங்களாகப் பகுத்த நூலகவியலாளர் ரங்கநாதனுக்குத் தனி அமர்வே ஒதுக்கியிருக்கிறார்கள். தேடலின் தரத்தை அளக்கும் பயிற்சியும் எளிமையாக இருக்கிறது: நமக்குத் தேவையான 20 ஆவணங்கள் உள்ள தொகுப்பில் தேடி, கிடைத்த 10-இல் 8 பொருத்தமானவை என்றால், துல்லியம் 80 விழுக்காடு, ஆனால் மீட்டது 40 விழுக்காடே. தேடி வந்தவர் நிறைவோடு திரும்பிச் சென்றாலும் 12 ஆவணங்கள் அவர் கண்ணில் படாமலே போயிருக்கும் என்பதை என் பணியில் இனி மறக்க மாட்டேன்.

பொருளியலுக்கு அரை வாரம்தான். விற்பவருக்குத் தெரிந்தது வாங்குபவருக்குத் தெரியாதபோது சந்தை என்னாகும் என்ற ஏகர்லாஃபின் 1970-ஆம் ஆண்டு ஆய்வை மட்டும் தொட்டுவிட்டு நகர்கிறார்கள். மெய்யியல் பகுதி பெயர்ப் பட்டியலாகவே நின்றுவிட்டது.

ஒலிப்பதிவும் காட்சிப்பதிவும் தெளிவாக இருக்கின்றன. உரைகள் இருபது நிமிடத்தைத் தாண்டுவதில்லை. குறிப்புகளை நான் தமிழிலேயே எழுதிவந்தேன். அப்படி எழுதும்போது, அனுப்பப்படுவதைச் ‘செய்தி’ என்றும், பதிவாகிக் கிடப்பதைத் ‘தரவு’ என்றும், ஐயத்தைக் குறைப்பதைத் ‘தகவல்’ என்றும் ஒவ்வொரு வரியிலும் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. உரையாளர் எந்தப் பொருளிலிருந்து எந்தப் பொருளுக்குத் தாவுகிறார் என்பது அதனாலேயே உடனுக்குடன் தெரிந்தது. இப்படிப்பில் சேரும் எவரும் தம் மொழியில் குறிப்பெடுப்பது நல்லது.

தேர்வு முறையை மாற்றியே ஆக வேண்டும். கவிதை ஒன்றும் அதே நீளமுள்ள தற்செயல் எழுத்து வரிசை ஒன்றும் இருந்தால் எதில் தகவல் அதிகம் என்று இறுதித் தேர்வில் கேட்கிறார்கள். தற்செயல் வரிசை என்ற விடைக்கு மட்டுமே கணினி மதிப்பெண் தருகிறது. எந்தப் பொருளில் கேட்கிறீர்கள் என்று திருப்பிக் கேட்க முதல் வாரத்தில் பழக்கியவர்கள், அந்தக் கேள்வியை எழுதுவதற்கு விடைத்தாளில் ஒரு வரி இடமாவது விட்டிருக்கலாம். அடுத்த தொகுதியில் சேர்பவர்கள் மூன்றாவது வாரப் பயிற்சியைத் தவறாமல் தம் கையாலேயே செய்துவிட்டு, அந்தக் கலைத்த பக்கத்தை ஆறாவது வாரம்வரை அழிக்காமல் வைத்திருக்கட்டும்.