கல்யாணக் கேமராவா, காட்டு வழிகாட்டியா?

வனவிலங்குப் படம் எடுத்துப் பிழைக்கப் போகிறேன் என்று சுங்கை சிப்புட்டில் ஒருவன் சொன்னால், வீட்டில் வரும் முதல் கேள்வி, “யாருப்பா காசு கொடுப்பாங்க?” நியாயமான கேள்விதான். எனக்குத் தெரிந்து மூன்று வழிகள் உண்டு: எடுத்த படத்தை விற்பது, காட்டு வழிகாட்டியாவது, கல்யாணப் படம் எடுத்துச் சம்பாதித்து மிச்ச நாளில் காட்டுக்குப் போவது. ஆனால் காசை மட்டும் பார்த்து இவற்றை எடை போட முடியாது. வருடத்தில் எத்தனை நாள் கேமரா நம் கண்ணில் இருக்கும் என்பதையும் பார்க்க வேண்டும்.

படம் விற்பதை உடனே ஒதுக்கிவிடலாம். இணையத்தில் இருவாச்சிப் (ஹார்ன்பில்) பறவைப் படங்கள் கொட்டிக் கிடக்கின்றன. விற்றாலும் பெரும்பாலும் சில்லறைதான். போட்டிகளும் அப்படித்தான். 1965இல் தொடங்கி, இப்போது லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் நடத்தும் போட்டிக்கு உலகமே படம் அனுப்புகிறது. ஜெயித்தால் பெயர் வரும், சரி. அதை நம்பிக் கார் தவணை கட்ட முடியுமா?

மிச்சம் இரண்டு. வழிகாட்டி வேலை கேட்கவே இனிக்கும். கிரிக் தாண்டிப் போனால் அரச பெலும் காடு, 1,17,500 ஹெக்டர். மலேசியாவின் 10 வகை இருவாச்சிகளும் அந்தப் பக்கம் உண்டு. அனுமதிச் சீட்டு வாங்கி, பண்டிங் தீவில் படகேற வேண்டும். சுற்றுலா அமைச்சின் இயற்கை வழிகாட்டி உரிமம் எடுத்துவிட்டால் காட்டுக்குள் இருப்பதற்கே சம்பளம். ஆனால் படகில் நல்ல இடம் வாடிக்கையாளருக்கு. இருவாச்சி வந்து உட்காரும் அந்தப் பத்து நொடியும் நம் கை அதைச் சுட்டிக்காட்டிக்கொண்டிருக்கும், கேமரா பையில் தூங்கும்.

கல்யாண வேலையில் சனி, ஞாயிறு போய்விடும். முகூர்த்த மாதங்களில் முதுகும் போய்விடும். ஆனாலும் இருட்டு மண்டபத்தில் படம் எடுத்துப் பழகியவனுக்குக் காட்டு நிழல் புதிதில்லை. கெட்டிமேளத்தை யாரும் இன்னொரு தடவை வாசிக்க மாட்டார்கள், புலியும் திரும்பி வந்து நிற்காது.

எனக்கு இதில் பிடித்தது நாள்காட்டி. ஆடியிலும் மார்கழியிலும் நம்மவர்கள் கல்யாணம் வைப்பதில்லை. ஆடி முடியும் ஆகஸ்ட் வாக்கில்தான் பெலும் பக்கத்துத் தெமெங்கோர் ஏரிக்கு மேல் இருவாச்சிகள் கூட்டங்கூட்டமாகப் பறக்கும். மார்கழியில் கடலோரக் கோல குலா சேற்று நிலத்தில் வடக்கிலிருந்து வந்த வலசைப் பறவைகள் மேய்ந்துகொண்டிருக்கும். யாரோ நமக்காகவே பஞ்சாங்கம் எழுதியதுபோல!

வார நாட்களுக்குத் தோட்டமே போதும். எலியைப் பிடிக்கட்டும் என்று செம்பனைத் தோட்டங்களில் கூகை என்னும் ஆந்தைக்குப் பெட்டி கட்டி வைப்பார்கள். சாயங்காலம் வெளிச்சம் வடியும் நேரத்தில் அது வெளியே வரும். தோட்டம் தனியார் நிலம், அதனால் முதலில் கிராணியை (தோட்ட எழுத்தரை) பார்த்து மேனேஜரிடம் அனுமதி வாங்குங்கள். முட்டையோ குஞ்சோ இருந்தால் பெட்டியை நெருங்க வேண்டாம், ஃபிளாஷும் வேண்டாம். ஒரே கூகைக் குடும்பத்தை ஒரு வருடம் தொடர்ந்து எடுத்த தொகுப்பு, பெலுமில் அவசரமாக எடுத்த ஐம்பது படங்களைவிட ஒரு பத்திரிகை ஆசிரியரைக் கூடுதல் நேரம் நிறுத்தி வைக்கும் என்பது என் கணிப்பு.

அதனால் கேமராதான் முக்கியம் என்பவனுக்கு, முதல் சில வருடங்களுக்காவது, என் ஓட்டு கல்யாணத்துக்கே. இறக்கைச் சத்தத்தை வைத்தே இருவாச்சியின் வகையைச் சொல்லி, பக்கத்தில் இருப்பவர் முகம் மலர்வதைப் பார்த்து மகிழ்பவன் என்றால் வழிகாட்டி உரிமத்துக்கே படிக்கட்டும். அவனுக்குப் படம் இரண்டாவதுதான்.